கோதண்டம் நாட்டார் தின்ற பால்சுறா

கல்லாங்கரை நாட்டார் கோதண்டத்துக்கு அறுபத்திரண்டாவது வயதில், ஆடி மாதத்து இரண்டாவது வியாழக்கிழமை காலையில், பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது இரண்டு மாரிலும் பால் சுரந்தது, அதைக் கேட்டு எங்கள் ஊரில் யாரும் வாயைப் பிளக்கவில்லை, ஏனென்றால் முந்தின நாள் மதியம் அவர் ஒரு முழுப் பால்சுறாவைப் புட்டாக்கித் தின்றது ஊருக்கே தெரியும், பால்சுறா தின்றால் பால் ஊறும் என்பதும் ஊருக்கே தெரியும், தின்றவர் ஆணா பெண்ணா என்று வயிற்றுக்குள் போன மீன் விசாரித்துக்கொண்டா இருக்கும். அந்தப் புட்டை ஆக்கியவள் நான். என் பெயர் காத்தாயி. கல்யாணமோ கருமாதியோ, ஊர்ச் சாப்பாடு எதுவானாலும் அடுப்புக்கு முன்னால் நிற்பது நான்தான், அதனால் இதைச் சொல்ல வேண்டியவளும் நான்தான். நடுவில் கோபம் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், எனக்கு இன்னும் அடங்கவில்லை.

நாட்டார் என்றால் எங்கள் கரையில் ஊர்த் தலைவர். அவர் வாயில் வருவதுதான் சட்டம். ஏழு வருஷத்துக்கு முன்னால் கோதண்டத்துக்கு நெஞ்சில் ஒரு குழாய் அடைத்துக்கொண்டது, கூடவே சர்க்கரையும் இருந்தது, காரைக்காலில் ஒரு டாக்டர் ஆட்டுக்கறியை விட்டுவிட்டு மீனும் கூழும் கீரையுமாக உங்கள் பழைய சாப்பாட்டையே சாப்பிடுங்கள் என்று சொல்லி அனுப்பினார், அன்றைக்குப் பிடித்தது அவருக்கு அந்தப் பைத்தியம். தினமும் ஏலக் கொட்டகையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மத்தி நெஞ்சுக்கு நல்லது, கேழ்வரகுக் கூழும் நெத்திலிக் கருவாடும் சர்க்கரையை ஏறவிடாது, நண்டு ரசம் சளியைக் கரைக்கும், பாக்கெட்டில் விற்பதெல்லாம் விஷம், நம் முன்னோர்கள் ஒன்றும் முட்டாள்கள் இல்லை என்று போவோர் வருவோரிடமெல்லாம் சொல்லி, போனில் வந்த வீடியோக்களைச் சத்தமாக வைத்துக் காட்டுவார். அவர் சொன்னதில் ஒன்றும் தப்பில்லை, அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். எந்தப் படகு கரையேறினாலும் அதில் கொழுத்த மீன் முதலில் நாட்டார் வீட்டுக் கூடைக்குப் போகும், மிச்சம்தான் ஏலத்துக்கு வரும், நாங்கள் அந்தச் சொற்பொழிவைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய் ரேஷன் அரிசியைப் பொங்கித் தின்போம்.

அவருக்கு இரண்டு பெரிய படகுகள். இரண்டிலும் சுருக்குமடி, அதாவது முட்டையோடும் குஞ்சோடும் கடலையே வழித்தெடுக்கிற வலை, அரசாங்கம் கூடாது என்று சொன்ன வலை. ஊரே பார்த்துக்கொண்டு சும்மா இருந்தபோது பரசு என்கிற பரசுராமன் மட்டும் கலெக்டர் ஆபீசில் மனுக் கொடுத்தான். ஒரே ஒரு ஃபைபர் படகு வைத்துப் பிழைக்கிறவன், பெண்டாட்டி சுகந்தி ஏழு மாதக் கர்ப்பிணி. ஊர்ச் சேதியை வெளியே கொண்டுபோனவன் என்று பஞ்சாயத்து கூடி அந்த வீட்டை ஒதுக்கி வைத்தது. எங்கள் சட்டத்தில் ஒதுக்கிய வீட்டுக்கு நெருப்பு, தண்ணீர், உப்பு, பேச்சு நான்கும் இல்லை, கடலுக்குள் படகு இறக்கக் கூடாது, கடையில் சாமான் கிடையாது, மீறிக் கொடுக்கிறவர்களுக்கும் அதே கதி. கூட்டத்தில் எல்லோரும் கை தூக்கினோம். நானும் தூக்கினேன். பக்கத்துக் கரைகளுக்கும் தகவல் போனது, சுகந்தியின் பிறந்த வீடு அடுத்த கரையில்தான் இருந்தது, அவர்களும் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

அந்த நிலைமையில் பெண் குழந்தை பிறந்தது. பரசு நாகப்பட்டினத்தில் ஐஸ் பேக்டரிக்கு வேலைக்குப் போனான், வருகிற வழியில் சந்தையில் மீன் வாங்கப் பார்த்தால் அங்கே கூடை வைத்திருப்பதும் எங்கள் கரைப் பெண்கள்தான், அவனைக் கண்டதும் கூடையை மூடினார்கள். பிள்ளை பெற்றவளுக்குக் காரப்பொடி மீன் குழம்பும் கிழங்கான் மீனும் பூண்டும் முருங்கைக்கீரையும் போக வேண்டிய நேரத்தில் சுகந்திக்குப் போனது வெறும் சோறும் ரசமும். இருபதாம் நாள் பால் வற்றிவிட்டது. டப்பாப் பால் அந்தக் குழந்தைக்கு ஒத்துக்கொள்ளவில்லை, குடித்ததும் வயிற்றால் போனது. அதன் அழுகை தெற்குக் கோடியிலிருந்து புறப்பட்டு வடக்குக் கோடி வரைக்கும் ஒவ்வொரு வீட்டு வாசலையும் தாண்டிப் போகும், நாங்கள் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொள்வோம்.

அப்போதுதான் அந்தப் புதன்கிழமை வலையில் பால்சுறா விழுந்தது. மூன்று மாதமாகக் கண்ணில் படாத மீன், முழங்கை நீளம், வெள்ளை வயிறு. இந்த மீன் விஷயத்தில் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு, ஊரில் பிள்ளை பெற்றவள் படுத்திருக்கும்போது பால்சுறா கிடைத்தால் அதை ஏலத்தில் விடக் கூடாது, நேராக அவள் வீட்டுக்குப் போக வேண்டும், அதை மாற்றி எவரும் பார்த்ததில்லை. அன்றைக்கு ஊரில் பிள்ளை பெற்றவள் சுகந்தி ஒருத்திதான். அவளுக்குக் கொடுத்தால் ஒதுக்கிய சட்டம் உடையும், ஏலத்தில் விட்டால் பழக்கம் உடையும், செத்த மீனைத் திரும்பக் கடலில் எறிந்தால் கடலம்மாவை அவமதித்ததாகும். ஆம்பிளைகள் மீனை நடுவில் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் பேசினார்கள், ஈ மொய்த்தது. கடைசியில் நாட்டார் எழுந்து, விற்கவும் வேண்டாம் கொடுக்கவும் வேண்டாம், ஊருக்காக நானே சாப்பிட்டுவிடுகிறேன், சுறா ரத்தத்துக்கும் நல்லதுதான் என்று தீர்ப்புச் சொன்னார், இரண்டு சட்டமும் தப்பித்தது என்று எல்லோருக்கும் நிம்மதி, மீன் என் கையில் வந்தது.

எனக்குப் பால்சுறாவை ஒரே மாதிரிதான் ஆக்கத் தெரியும். மஞ்சள் போட்டு வேகவைத்து, மணல் மாதிரி சொரசொரக்கிற தோலை உரித்து, நடு முள்ளை எடுத்து, உதிர்த்து, துணியில் பிழிந்து, மிளகாயைத் தள்ளி மிளகு சீரகம் தட்டிப்போட்டு, பூண்டை மட்டும் கைகொள்ளுமளவு நசுக்கி, நல்லெண்ணெயில் சின்ன வெங்காயத்தோடு பொலபொலவென்று கிளறி இறக்குவது, பிள்ளை பெற்ற உடம்புக்கான பக்குவம். அப்படித்தான் ஆக்கினேன். கிளறிக்கொண்டிருக்கும்போதே அந்த அழுகை கேட்டது. ஒரு கரண்டியாவது இலையில் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போயிருக்கலாம். போகவில்லை, பயம், அவ்வளவுதான்.

மறுநாள் பால் வந்தது. நாட்டார் பெண்டாட்டி அம்சா என்னைக் கூப்பிட்டனுப்பி, அவர் சட்டை நனைந்திருப்பதைக் காட்டி, புட்டில் என்ன போட்டாய் என்று கேட்டாள். எல்லோருக்கும் போடுவதைத்தான் போட்டேன் என்றேன். நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போது தெற்கே குழந்தை அழுதது, உடனே அவருக்குப் பால் பீய்ச்சிக்கொண்டு வந்தது, அழுகை நின்றதும் பாலும் நின்றது, மூன்று முறை இப்படி ஆனதும் இது யாருடைய பால் என்று அம்சாவுக்கும் எனக்கும் தெரிந்துபோனது, இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. பால் மறக்கடிப்பதற்கு மல்லிகைப் பூவை வைத்துக் கட்டுவார்களே, அதையும் கட்டிப் பார்த்தாள். ஊர்த் தலைவர் நெஞ்சில் நான்கு முழம் மல்லிகையோடு ஏலக் கொட்டகையில் உட்கார்ந்திருந்தார், பூ கருகியதே தவிர பால் நிற்கவில்லை. பால் கட்டிக்கொண்டு அவருக்குக் காய்ச்சல் கண்டபோது பிள்ளை பெற்ற பெண்கள் போய், பிசைந்து பீய்ச்சிவிட வேண்டும், சும்மா விட்டால் சீழ் பிடிக்கும் என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். யாரும் சிரிக்கவில்லை, பால் கட்டுகிற வலி எங்களுக்குத் தெரியும்.

பீய்ச்சிய பாலைக் கொட்டுவதற்கு மனம் வராமல்தான் எல்லாம் கெட்டது. வலை பிரிக்கிற செங்கேணிக்குக் கண்ணில் தூசி உறுத்திச் சிவந்திருந்தது, தாய்ப்பால் இரண்டு சொட்டு விட்டால் சரியாகும் என்று யாரோ சொல்ல, நாட்டார் விட்டார், சாயங்காலமே கண் வெளுத்தது. அவ்வளவுதான், ஊர் ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டு வரிசையில் வந்து நின்றது. காது வலிக்கு, தலைபாரத்துக்கு, வசம்பு உரைக்க, ஆறாத புண்ணுக்கு, மூட்டு வீக்கத்துக்கு, எல்லாவற்றுக்கும் நாட்டார் பால் கேட்டது. மீனைத் தின்று தின்று தேறிய உடம்பு, அதிலிருந்து வருகிற பால் எவ்வளவு சத்தாக இருக்கும் என்று ஆளாளுக்குப் பேசிக்கொண்டார்கள். நாட்டாருக்கும் முகம் தெளிந்துவிட்டது, நாற்காலியில் சட்டையில்லாமல் உட்கார்ந்து, பாரம்பரியச் சாப்பாட்டின் அருமை இப்போதாவது புரிகிறதா என்று கேட்டுக்கொண்டே பீய்ச்சிக் கொடுத்தார். எனக்கும் புகையில் கண் எரிச்சல் இருந்தது. நானும் வாங்கினேன், எரிச்சல் போய்விட்டது, இதைச் சொல்லாமல் விட்டால் நான் யோக்கியம் மாதிரி ஆகிவிடும்.

பால் அந்தக் குழந்தை அழும்போது மட்டும்தான் வரும் என்பது இதற்குள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. விடிந்ததும் ஒருமுறை, பத்து மணிக்கு, உச்சிவேளைக்கு, வெயில் தாழ்ந்தபின் என்று அதன் அழுகைக்கு நேரம் வகுத்து, அதற்குக் கொஞ்சம் முன்னால் டம்ளரோடு வருவார்கள். தெற்கே அழுகை கேட்டால் இங்கே வரிசையில் ஒரு சந்தோஷம் ஓடும். அழுகை நீண்டால் கடைசியில் நிற்கிறவர்களுக்கும் கிடைக்கும், சீக்கிரம் நின்றுவிட்டால் இன்றைக்கு என்ன ஆச்சு அதுக்கு என்று முணுமுணுப்பார்கள். மூன்று நான்கு பெண்கள் மட்டும் பஞ்சாயத்தில் போய், சட்டத்தில் நெருப்பு, தண்ணீர், உப்பு, பேச்சுதானே இருக்கிறது, பால் என்று இல்லையே, ஒரு வேளைப் பாலை அந்த வீட்டு வாசலில் வைத்தால் என்ன என்று கேட்டார்கள். யோசித்துச் சொல்கிறோம் என்று பஞ்சாயத்து ஒன்பது நாள் யோசித்தது. குழந்தை வயிறு நிறைந்தால் அழாது, அழாவிட்டால் பால் வராது என்று அந்த ஒன்பது நாளில் ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, எல்லோரும் அதைத்தான் நினைத்தார்கள்.

நடுவில் மூன்று நாள் பரசுவும் சுகந்தியும் குழந்தையை ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள், அந்த மூன்று நாளும் இங்கே பால் இல்லை, நாட்டாருக்கு மார் இறுகவும் இல்லை, எங்கே போய்த் தொலைந்தார்கள் என்று ஊர் அவர்களைத் திட்டியது. அங்கே குழந்தைக்கு ஊசி ஏற்றித் தேற்றி, தாய்ப்பால்தான் மருந்து, அம்மா நன்றாக மீன் சாப்பிட வேண்டும், கடற்கரைக்காரிக்கு மீனுக்கா பஞ்சம் என்று சொல்லி அனுப்பினார்களாம். அதைக் கேட்டு சுகந்தி சிரித்தாளாம். திரும்பி வந்த அன்று அழுகை கேட்டதும் ஒருத்தன் விசிலடித்தான்.

அடுத்த செவ்வாய்க்கிழமை உச்சிவேளைக்கு அழுகை கேட்கவில்லை. முப்பது பேர் டம்ளரோடு நின்றோம். ஒரு மணி ஆனது, இரண்டு ஆனது, நாட்டாருக்கு மார் கல்லாக இறுகிக்கொண்டு வந்தது, முனகினார். தூங்குகிறதோ என்றான் ஒருவன். ஒருவேளை அவர்களே ஏதாவது கொடுத்துவிட்டார்களோ என்று இன்னொருவன் கோபமாகக் கேட்டான். கையிலிருந்த டம்ளரைக் கீழே போட்டேன்.

"அழுவுறதுக்குத் தெம்பு வேணுமுல்ல," என்றேன். "அதுகிட்ட இனிமே அழுவ ஒண்ணுமில்ல நாட்டாரே. அது சாவுது."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், பிறகு அவரைப் பார்த்தார்கள். அவர் இரண்டு கையாலும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். இரக்கத்தில் எழுந்தார் என்று பிற்பாடு சிலர் கதை கட்டினார்கள், நான் பக்கத்தில் நின்றவள், வலியில்தான் எழுந்தார், அந்த வலி தாங்குகிற வலி இல்லை. சட்டையில்லாமல், வேட்டி மண்ணில் இழுபட, தெற்குத் தெருவில் நடந்தார். நாங்கள் பின்னாலேயே போனோம், ஒதுக்கிய வீட்டு வேலிக்கு இந்தப்பக்கம் எங்கள் கால் தானாக நின்றது, அவர் மட்டும் உள்ளே போனார்.

சுகந்தி வாசற்படியில் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அது துணி கிடப்பது மாதிரி கிடந்தது. கல்யாணமாகி எங்கள் கரைக்கு வந்த நாளிலிருந்து அவரை மாமா மாமா என்று கூப்பிட்டவள், அன்றைக்குக் கூப்பிடவில்லை. அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், ஊர் விலக்கை எடுத்துவிடலாம், பஞ்சாயத்தைக் கூட்டுகிறேன் என்கிற மாதிரி, அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"உக்காந்து குடுங்க," என்றாள். "எங்க வீட்ல யாரும் உங்களோட பேச மாட்டோம். நீங்களும் பேசாதீங்க."

அவர் மண்ணில் உட்கார்ந்தார். அவள் பிள்ளையைக் கையில் கொடுத்து, எப்படிப் பிடிக்க வேண்டும் என்று சொல்லாமல், அவர் தடுமாறுவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். முதலில் அவர்தான் இறுகிய மாரைப் பிசைந்து ஒரு சொட்டை எடுத்து அதன் உதட்டில் தடவினார், பிறகு இன்னொரு சொட்டு, வேலிக்கு இந்தப்பக்கம் முப்பது பேர் மூச்சுவிடாமல் நின்றோம், வெகுநேரம் கழித்து அந்தத் தொண்டை ஒருமுறை அசைந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷத்தில் இல்லை, வெட்கத்தில் அழுதேன்.

அன்று சாயங்காலமே பஞ்சாயத்து கூடியது. ஒதுக்கிய வீட்டுக்குக் கொடுத்தவரையும் ஒதுக்க வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம், அதன்படி கோதண்டத்தை ஒதுக்கி வைத்துவிட்டு அவர் பங்காளியை நாட்டாராக்கினார்கள். அவருடைய இரண்டு படகும் புது நாட்டார் கைக்குப் போயின, சுருக்குமடி அப்படியே கடலுக்குப் போனது, ஊர் ஒன்றும் திருந்தவில்லை. அம்சா மகன் வீட்டுக்குச் சென்னைக்குப் போய்விட்டாள். கோதண்டம் மட்டும் ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை தெற்குத் தெருவுக்கு நடந்தார்.

பால் ஊறுவதற்குத் தின்ன வேண்டுமே, அவருக்கு இப்போது யாரும் மீன் விற்கமாட்டார்கள். பரசுதான் ஊரார் கண்படாத முகத்துவாரத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று வீச்சுவலை போட்டுக் கிழங்கானும் காரப்பொடியும் கொண்டுவந்தான், சுகந்தி பூண்டு போட்டு ஆக்கி, கறவை மாட்டுக்குத் தீனி வைப்பதுபோலத் தட்டை அவர் முன்னால் நகர்த்திவிட்டுப் போனாள். கேழ்வரகுக் கூழ், முருங்கைக்கீரை, கருவாடு, எல்லாம் வேளாவேளைக்கு வந்தது, ஒரு சொல் வரவில்லை. மீந்ததைத் தின்று அவளுக்கும் உடம்பு தேறியது, வற்றிய பால்தான் திரும்பவில்லை. அந்த ஒரு வருஷத்தில் கோதண்டத்துக்குச் சர்க்கரை இறங்கியது, நெஞ்சு வலி போனது, காரைக்கால் டாக்டர் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டாராம். நான் ஒருமுறை யாருக்கும் தெரியாமல் நல்ல கிழங்கானாகப் பார்த்து அவர்கள் வேலிக்குள் வைத்துவிட்டு வந்தேன். சுகந்தி அதைக் கம்பால் தள்ளித் தெருநாய்க்குப் போட்டாள். அவள் செய்தது சரி.

குழந்தைக்கு வயது ஒன்று முடிந்த மறுநாள் காலையில் அவர் வழக்கம்போலப் போய் உட்கார்ந்தார். சுகந்தி தட்டு வைக்கவில்லை. அரைத்த வேப்பிலையை ஒரு கொட்டாங்கச்சியில் கொண்டுவந்து முன்னால் வைத்தாள். பால் மறக்கடிக்க எங்கள் பெண்கள் மாரில் பூசிக்கொள்வது அது, அவருக்கும் தெரியும். தானே எடுத்து இரண்டு பக்கமும் பூசிக்கொண்டார். வேலிக்கு இந்தப்பக்கம் தண்ணீர்க் குடத்தோடு நான் நின்றேன்.

குழந்தை தவழ்ந்து வந்து அவர் தொடையைப் பிடித்து ஏறி வாய் வைத்தது. கசப்பு பட்டதும் முகத்தைச் சுளித்துத் துப்பிவிட்டு வீறிட்டு அழுதது. அழுகைக்குப் பால் வந்தது, வேப்பிலைப் பச்சையைக் கரைத்துக்கொண்டு வயிற்றில் வழிந்தது, அது திரும்பிப் பார்க்காமல் அம்மாவிடம் தவழ்ந்தது. அவள் சோற்றில் முள் எடுத்த மீனைப் பிசைந்து வைத்திருந்தாள், ஒரு வாய் ஊட்டினாள், அது சப்புக்கொட்டி இன்னொரு வாய்க்கு ஆவென்றது, அழுகை நின்றது, பாலும் நின்றது.

"நாளைக்கு வரட்டுமா?" என்று கேட்டார் கோதண்டம். ஒரு வருஷத்தில் அந்த வீட்டில் அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான். சுகந்தி பிள்ளையின் வாயைத் துடைத்து, தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

அவர் எழுந்திருக்கவில்லை. நான் மத்தியானம் தண்ணீருக்குப் போகும்போதும் இருந்தார், வெயில் தாழ்ந்து வலைகளைச் சுருட்டும்போதும் அங்கேயேதான் இருந்தார், நெஞ்சில் பச்சை காய்ந்து வெடித்திருக்க, காதை அந்தக் கதவுப் பக்கமே திருப்பி வைத்துக்கொண்டு, இன்னொரு முறை அது அழும் என்று உட்கார்ந்திருந்தார். பிள்ளை வயிறு நிறைந்து தூங்கிக்கொண்டிருந்தது.